எட்டாம் நாள் சாயங்காலம்: ஆல்ப்ஸ் மலை ரயில் பாஸ் குறித்து ராயபுரத்தில் நிலவும் சித்தாந்தங்கள்

சீசன் டிக்கெட்டுக்கும் ஆன்ம விடுதலைக்கும் உள்ள சம்பந்தத்தை நம் தத்துவ சாஸ்திரிகளுள் ஒருவரும் ஆராயாமல் விட்டுவிட்டமைக்குக் காரணம், அவர்களுள் எவரும் எண்ணூரிலிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு உத்தியோக நிமித்தம் நாள்தோறும் பிரயாணம் செய்தவர் அல்லர் என்பதாகவே இருக்கவேண்டும். புறநகர் ரயிலில் மாதச் சீசனுக்கு வசூலிக்கும் தொகை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்துக்குச் சமம். போக ஒன்று, வர ஒன்று என்று கணக்கிட்டால், எட்டாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொடுத்த பணம் முழுவதும் வசூலாகிவிடுகிறது. அன்று சாயங்காலம் வீடு திரும்பும் வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் மனிதன், அந்தக் கணந்தொட்டு மாதக் கடைசிவரை ரயில்வேயின் விருந்தாளி. அவன் முகத்தில் அப்போது தோன்றும் பிரகாசத்தைத் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையே யாரும் பிரத்யட்சமாகக் காணலாம்.

இந்த ‘எட்டாம் நாள் சாயங்கால’க் கொள்கை அயல்நாட்டு மலைப் பிரயாணத்துக்குப் பொருந்துமா, பொருந்துமாயின் எவ்வளவு தூரம் என்பதே இவ்வாராய்ச்சியின் விஷயம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவரும், லேலண்டில் ஷிப்டு பார்த்து முடித்தவரும், பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சேர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியபின், “அப்பாவையும் அம்மாவையும் ஒரு தடவை சுவிஸுக்கு அழைத்துப் போகவேண்டும்” என்று அப்பிள்ளைகள் கொள்ளும் விபரீத ஆசையின் பயனாக, நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பிராங்கின் முன்னிலையில் நிறுத்தப்படுகிறார்கள். காதற்ற ஊசியைக் கண்டு கப்பல் கப்பலான செல்வத்தை உதறிய பட்டினத்தார் சமாதி கொண்டிருப்பதும் இதே கடற்கரையில்தான் என்பதை, பாஸ் விலையைக் கேட்டவுடன் அவர்களுள் பலர் நினைவுகூர்கிறார்கள்.

டிக்கெட் பற்றி அபிப்பிராயம் சொல்ல ராயபுரத்துக்கு என்ன அதிகாரம் என்று தெற்கே உள்ளோர் ஆட்சேபிக்கலாம். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்து, ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கு ரயில் விட்டது இந்த ஸ்டேஷனிலிருந்துதான். சென்ட்ரல் பிறந்தது 1873-ல், எழும்பூர் 1908-ல். ஆகவே, தென்னாட்டில் டிக்கெட் கவுண்டரின் முன் நின்று சில்லறைக்காகத் தகராறு செய்த முதல் மனிதன் ராயபுரத்தில் நின்றே செய்தான் என்பது அனுமானப் பிரமாணத்தால் பெறப்படும். போதாக்குறைக்கு, ஆங்கிலேயராகிய தாமஸ் எட்மண்ட்சன் 1830-களில் கண்டுபிடித்து உலகமெல்லாம் பரவிய அந்தத் தடித்த அட்டை டிக்கெட்டு, கவுண்டரில் ‘டக்’கென்று தேதி குத்தித் தருவார்களே, அதைத் தென்னக ரயில்வேக்காக அச்சிட்டுக்கொண்டிருந்த அச்சகமும் ராயபுரத்திலேயே இருந்தது. அதை மூடிவிடுவதென்று ரயில்வே போர்டு தீர்மானித்த பிறகும், டிக்கெட் சாஸ்திரத்தில் எங்கள் பேட்டையின் பாத்தியதை மாறவில்லை என்பது என் துணிபு.

மலை ரயிலும் எங்களுக்குப் புதிதன்று. நீலகிரிக்கு ரயில் போடும் யோசனை கிளம்பியபோது, ரிகி மலையில் 1871-ல் பல்சக்கர ரயில் ஓட்டிய ரிக்கன்பாக் என்னும் எந்திர வல்லுநரை 1882-ல் வரவழைத்தார்கள். கடைசியில் அமைந்ததோ ரோமன் ஆப்ட் என்ற இன்னொரு சுவிஸ்காரர் வகுத்த முறை. 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகையையும் எட்டிய அந்த 46 கிலோமீட்டர் பாதையில், பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தில், புகைகக்கி நம்மை இழுத்துப்போன எஞ்சின்கள் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. ஆக, தேனிலவுக்கு ஊட்டி போன வண்ணாரப்பேட்டைத் தம்பதிகள் எத்தனையோ பேர் தாம் அறியாமலே சுவிட்சர்லாந்துச் சரக்கில் பிரயாணம் செய்தவர்களே.

கடல் கடந்த மலையைப் பார்க்கவும் ஒரு காலத்தில் சிரமம் இருந்ததில்லை. 1914 முதல், எழும்பூரில் போட்மெயிலுக்கு ஒரே டிக்கெட் எடுத்தால், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் கொழும்புக்கு ரயில். அதற்கப்பால் கண்டியும் நானுஓயாவும் எட்டிய தூரம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியோடு அந்த ஒற்றை டிக்கெட்டையும் விழுங்கிவிட்டது. இதைப் பற்றி அதிகம் எழுதினால் கட்டுரை சோக ரசத்தில் முடியும், ஆகையால் நிற்க.

இனி மதங்களின் பேதம். சுவிஸ் ரயில் பற்றி வடசென்னையில் மூன்று மதங்கள் நிலவுகின்றன. முதலாவது முழுப்பாஸ் மதம். சுவிஸ் டிராவல் பாஸ் என்னும் பரம்பொருளைத் தொடர்ச்சியாக 3, 4, 6, 8 அல்லது 15 நாட்களுக்கு வாங்கிவிட்டால், ரயில், பஸ், டிராம், ஏரிக் கப்பல் ஆகிய யாவற்றிலும் கேள்வி கேட்பாரின்றி ஏறலாம். 500-க்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களில் நுழைவும் இலவசம். சீசனில் வளர்ந்த தலைமுறை இயல்பாகவே இந்த மதத்தில் பிறந்தது. இரண்டாவது, அரைக்கட்டண மதம். ஹாஃப் ஃபேர் கார்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாத காலம் ஒவ்வொரு டிக்கெட்டையும் பாதி விலைக்கு எடுப்பது இவர்கள் ஆசாரம். முதல் மதத்தார் இவர்களை, விருந்துக்கு வந்தும் ஒவ்வோர் இட்லிக்கும் விலை விசாரிப்பவர்கள் என்று இகழ்வர். மூன்றாவது மதம் தட்கல் பரம்பரையில் உதித்தது. காலையில் மணி பத்து அடிப்பதற்குள் மூன்று போன்களையும் ஒரு லேப்டாப்பையும் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவர்கள், ஆறு மாதம் முன்னதாகவே விற்பனைக்கு வரும் சேவர் டே பாஸை மலிவு விலையில் தட்டிப் பறிப்பதையே புருஷார்த்தமாகக் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் பாஸை வாங்கியபின் பணம் திரும்பாது; விசாவோ வருமோ வராதோ தெரியாது; ஆகவே இம்மதத்தாரின் ஆறு மாத வாழ்க்கை பெரும்பாலும் உறக்கமற்றது.

இம்மூன்று மதங்களும் ஒன்றோடொன்று மோதும் கேந்திரம் யுங்ஃப்ராவ்யோக். கடல்மட்டத்துக்கு மேல் 3,454 மீட்டரில், மலையைக் குடைந்து 1912-ல் கொண்டுபோய் நிறுத்திய ஸ்டேஷன் அது. சுவிஸ் சென்று அதைப் பார்க்காமல் திரும்பியவர் ராயபுரத்தில் தலைநிமிர்ந்து நடக்க இயலாது. இங்கேதான் சாஸ்திரத்தின் மிக நுட்பமான இடர்ப்பாடு எழுகிறது. முழுப்பாஸ் வைத்திருப்பவர் கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரை இலவசமாகப் போகலாம். அதற்கு மேல் அவருக்குக் கிடைப்பது கால் பங்குத் தள்ளுபடி மட்டுமே. அரைக்கட்டண அட்டைக்காரருக்கோ உச்சிவரை அரைத் தள்ளுபடி. அஃதாவது, பனிமலையின் சிகரத்தை நெருங்க நெருங்க, முழுமை கால் ஆகிறது. பாதி பாதியாகவே நிலைத்து நிற்கிறது. இந்த முரண்பாட்டைக் கல்மண்டபத்து டீக்கடையில் நான் எடுத்துரைத்தபோது, ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர் நெடுநேரம் யோசித்து, “அப்ப பாதிதான் பா பெரிசு” என்றார். சூனியவாதிகள்கூட இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

மேற்படி சிக்கலுக்குச் சமரசவாதிகள் கண்ட பரிகாரம்: ரிகி மலை முழுப்பாஸிலேயே அடங்கியிருப்பதால், ‘மலை என்றால் அதுவும் மலைதானே’ என்று அங்கே போய்த் திரும்பிவிடுவது. மனைவிமார் இதை ஒருபோதும் ஏற்பதில்லை.

ரிசர்வேஷன் விஷயத்தில் நம்மவர் அடையும் கலக்கம் தனி அத்தியாயத்துக்கு உரியது. அந்நாட்டில் சாதாரண ரயில்களுக்கு முன்பதிவு இன்றியமையாததன்று. டிக்கெட்டில் பெட்டி எண் இல்லை, சீட்டு எண் இல்லை, கன்ஃபர்ம் என்ற மங்கலச் சொல்லும் இல்லை. ஸ்டேஷனில் வாயில்கதவும் கிடையாது. ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட் ஆகிய நரகங்களைக் கடந்து வந்த ஆத்மா, எதையும் கடக்கவேண்டியதில்லை என்று அறிந்தவுடன் ஆனந்தமடையும் என்று நீங்கள் எண்ணினால் அது தவறு; அது பீதியடைகிறது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, மின்னஞ்சலில் வந்த பாஸை எம்.சி. ரோட்டு ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் எடுத்து, ஆளுக்கு இரண்டு பிரதியாக லேமினேட் செய்து, ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறியது. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கு மட்டும் பாஸுக்கு மேல் தனிக் கட்டணம் கட்டி இடம் பதிவு செய்தே தீரவேண்டும் என்று தெரிந்தபோது அக்குடும்பத் தலைவர் கண்களில் நீர் மல்கியது. அதே தண்டவாளத்தில் முன்பதிவில்லாமலே சாதாரண வண்டிகளில் மாறி மாறிப் போகலாம் என்று மகன் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. சீட்டு எண் அச்சிட்ட தாளைக் கையில் வாங்கியபின்தான் அன்றிரவு சாப்பிட்டார்.

குழந்தைகள் பற்றி ஒரு வார்த்தை. நம் ரயிலில் பன்னிரண்டு வயது பூர்த்தியான பையனைப் பதினொன்றில் நிறுத்திவைக்கும் வித்தையில் வடசென்னைத் தாய்மார் தேர்ந்தவர்கள். சுவிஸிலோ பெற்றோர் பாஸ் வைத்திருந்தால், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஃபேமிலி கார்டு இலவசமாகவே கிடைக்கிறது, பாஸ்போர்ட்டையும் பார்ப்பார்கள். இதனால் ஒரு பரம்பரைக் கலை பிரயோகிக்க இடமின்றிப் போவதை நான் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

இப்போது கொள்கைப் பரிசோதனை. பாஸ் வாங்கியவர் எந்த நாள், எந்த வேளையில் போட்ட பணத்தை எடுத்துவிட்டார் என்று காண்பதே சோதனை. சீசன்காரனுக்கு வேலை இருக்கிறது; ஆகையால் அவன் சும்மா போய் வந்தாலே எட்டாம் நாள் தானாக வரும். உல்லாசப் பிரயாணிக்கோ போகவேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. வசூல் செய்யவேண்டிய தொகை மட்டும் இருக்கிறது. எனவே அவன் போகத் தொடங்குகிறான். லூசெர்னில் விடாத மழை, ஏரி தெரியவில்லை, மலையும் தெரியவில்லை, ஓட்டல் அறையில் கம்பளிக்குள் கால் நீட்டிச் சற்றே கண்ணயரலாம் என்று எண்ணிய ஓய்வூதியரைப் பார்த்து அவர் சம்சாரம் சொன்னது இது: “இன்னாய்யா, அம்மாந் துட்டு குடுத்து பாஸ் எடுத்துட்டு, ரூம்ல குந்திக்கினு மழையப் பாக்கவா வந்தோம்?” விளைவு, குடும்பம் முழுவதும் மூடுபனியில் ரிகி ஏறி, ஒன்றும் காணாமல் இறங்கி, கப்பலில் ஏரியைச் சுற்றி, அங்கும் ஒன்றும் காணாமல், சாயங்காலம் ஐந்து மணிக்குள் இரண்டு அருங்காட்சியகங்களையும் நனைந்த செருப்போடு நிறைவேற்றிற்று. ஒவ்வொரு படியிலும் மகன் போனில் கட்டணத்தைத் தேடி, “இதுக்கு இவ்ளோ ஆயிருக்கும்” என்று தொகையைக் கூட்டிக்கொண்டே வந்தான். தகப்பனார் முகத்தில் திருவொற்றியூர்ப் பிரகாசம் மெல்ல மெல்லப் படர்ந்ததை, அன்று எடுத்த புகைப்படங்களை வரிசையாகப் பார்ப்பவர் அறியலாம். அவற்றில் மலை ஒன்றிலும் இல்லை.

ஆகவே கொள்கை நிரூபணமாயிற்று. ஆனால் காரணகாரியம் தலைகீழாக. சீசன் பிரயாணத்துக்காக வாங்கப்படுகிறது. பாஸுக்காகவோ பிரயாணம் செய்யப்படுகிறது. ஒரு மாத காலத்துக்குள் வேண்டிய நாட்களை மட்டும் தேர்ந்துகொள்ளும் ஃப்ளெக்ஸ் பாஸ் இந்நோய்க்கு மருந்தாகும் என்று சிலர் கூறுவர். அதற்கு விலை அதிகம். தவிர, எந்த நாளைத் தேர்ந்துகொள்வது என்ற வழக்கு காலைச் சிற்றுண்டி முடியும்வரை நடக்கும்.

ஒரே ஒரு பிரச்சினை மட்டும் இன்னும் தீர்ப்புக்கு நிற்கிறது. பாஸின் கடைசி நாள் நள்ளிரவோடு முடிவதில்லை. மறுநாள் விடிகாலை 5 மணி வரை அது செல்லும். அந்த ஐந்து மணி நேரத்தை உறக்கத்தில் கழிப்பது நஷ்டமா அன்றா என்பதில் லூசெர்னில் நனைந்த அக்குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேற்சொன்ன பெரியவர் இன்று அரைக்கட்டணத்தாரின் வாதங்களை எல்லாம் புறக்கணித்துவிட்டு, அடுத்த தடவைக்காக, வாரக்கடைசியில் சூரிச்சிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் ரயில்கள் எவையெவை என்று பேரன் உதவியோடு அட்டவணை பார்த்துக்கொண்டிருக்கிறார்.