சந்தனம் மணக்காத கதவு

கே: பழைய சாமான் கடையில் பூவேலை செய்த ஒற்றைக் கதவைக் காட்டி, "பாரசீக தர்காவில் இருந்தது, 800 வருசம் பழசு" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகர், எம்.கே.பி. நகர், சென்னை

ப: கதவு விஷயத்தில் கவர்னர் ஜெனரலே ஏமாந்திருக்கிறார், நாம் எம்மாத்திரம்! கஜினி முகமதின் கல்லறைக் கதவுகளை 1842-இல் பெயர்த்துவரச் செய்தார் எல்லன்பரோ பிரபு. அவை முகமது கொள்ளையடித்த சோமநாதர் கோயிலின் சந்தனக் கதவுகளாம். 800 ஆண்டு அவமானம் தீர்ந்ததாம். பிரகடனமே போட்டார். (கதை விடுகிறவர்களுக்கு 800 ராசியான எண் போலிருக்கிறது!)

வந்தது தேவதாரு மரம். நட்சத்திரக் கட்டங்களும் கொடிப்பூக்களும் கஜினித் தச்சர்களின் உளிவேலை. கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் முகமதின் தந்தை சபுக்திகின் பெயர் வேறு. சோமநாதர் தப்பித்தார், கதவுகள் ஆக்ரா கோட்டையோடு நின்றுவிட்டன.

பாரசீகத் தச்சர்களில் சிலர் பெயரும் ஆண்டும் செதுக்கிவைத்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் தேக்கில் இழைத்த குர்ஆன் தாங்கி ஒன்று இருக்கிறது: செய்தவர் ஹசன் இப்னு சுலைமான் இஸ்பஹானி, ஹிஜ்ரி 761. அதாவது கி.பி. 1360. ஜோசியமே வேண்டாம்.

கார்பன் சோதனை மரத்தின் வயதைத்தான் சொல்லும், உளி பட்ட தேதியை அல்ல. பழைய உத்தரத்தில் போன மாதம்கூடப் பூ செதுக்கலாம். எழுத்தைத் தேடுங்கள். இல்லையென்றால், மரத்தின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.