வெறும் புல்லு

எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது சீகை மரம், இங்கிலீஷில் வாட்டில். அப்பா அதை நட்டார், காவல் காத்தார், மாசக் கடைசியில் சம்பளம் வாங்கினார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன ஸ்வெட்டரும் அக்கா கல்யாணத்து மூக்குத்தியும் அந்தக் கணக்கில் வந்தவைதான். ஆகவே இன்றைக்கு நீலகிரியில் எந்தக் கூட்டத்தில் சீகையைத் திட்டினாலும் நானும் சேர்ந்து திட்டுகிறேன் என்றாலும், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

அப்பாவுக்குக் காரமடைப் பக்கம். சோளம் விளைகிற காட்டிலிருந்து 1970 வாக்கில் மலையேறி, எமரால்டுக்கு மேலே பிளாண்டேஷன் வாட்சராகச் சேர்ந்தார். பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாய்ச் சோலை. மற்றபடி கண்ணுக்கெட்டிய மட்டும் முழங்காலளவுப் புல். "இத்தன மழ பேயுது, ஒரு மரத்தக் காணோமே, என்ன பூமியோ!" என்று முதல் நாளே சலித்துக்கொண்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் எழுதிவைத்த காகிதத்திலேயே அந்தப் புல்வெளிக்குத் தரிசு என்றுதான் பேர். மார்கழி, தை மாதங்களில் திறந்த வெளியில் விழும் உறைபனியைச் சோலை மரத்தின் கன்று தாங்காது. அதனால்தான் சோலை பள்ளத்தைவிட்டு மேலே ஏறாமல் நின்றது. மரம் இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. பனிக்கு அசராத மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருந்ததே!

சீகை முதலில் வந்தது. 1843-இல் கேப்டன் காட்டன் என்கிற ராணுவப் பொறியாளர் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, கொண்டுவந்தார். அடுப்புக்கும் குளிர் காயவும் சோலைகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேகமாய் வளரும் விறகு தேவைப்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு விறகோடு நிற்கவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கைப் பட்டுக்குக் கற்பூர மரக் கூழ், ஜலதோஷத்துக்குத் தைலம் என்று தேவைகள் பெருக, ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஒரு குன்று என்று புல்வெளி மறைந்தது.

நாங்கள் பிள்ளைகளும் அந்தத் திருப்பணியில் பங்குபெற்றவர்கள்தான். கே.எம். முன்ஷி 1950-இல் தொடங்கிவைத்த வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வரும். டெல்லிக்கு அது சரியான பருவமாக இருக்கலாம். எங்கள் மலையில் அது தென்மேற்குப் பருவமழை வெறிபிடித்து அடிக்கிற நேரம். ஆளுக்கொரு நாற்றைப் பிடித்துக்கொண்டு, பல் தந்தியடிக்க வரிசையில் நிற்போம். சிறப்பு விருந்தினர் குடைக்குள் நின்று, 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்கிற பொருளில் முழங்குவார். முழங்கினார் என்றுதான் நினைக்கிறேன். தகரக் கூரைமேல் விழுந்த மழைச் சத்தத்தில் ஒரு வார்த்தை காதில் விழுந்ததில்லை. கடைசியில் கொடுக்கும் பன்னுக்காகக் கைதட்டுவோம்.

நடுகிற வேலையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். மண்வெட்டியால் முதலில் புல்லை வேரோடு ஒரு சதுரமாகச் செதுக்கிப் புரட்டிப் போடுவார்கள். அடியில் கறுப்பு மண். கையில் அள்ளிப் பிசைந்தால் விரலிடுக்கில் தண்ணீர் கசியும். அந்தக் குழியில் நாற்று. அடுத்த வேலை, தோடர்களின் எருமை வந்து நாற்றை மிதிக்காமல் விரட்டுவது. தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்ந்த எருமைகளை, வந்து நாலு வருஷமான அப்பா கம்பை ஓங்கி, "ஏய், இது காடு, போ!" என்று துரத்துவார். எருமைகள் நின்று அவரைப் பார்க்கும்.

எங்கள் விளையாட்டு கீழே சதுப்பில். இரண்டு மேடுகளுக்கு நடுவே, மேலே பசும்புல் மெத்தென்று இருக்கும். நான் ஒரு குதி குதித்தால் நாலடி தள்ளி நிற்கிற தங்கச்சி ஆடுவாள். சாணி நிறத்தில் ஊறிக் கிடந்த அந்த மண்ணின் விலை எங்களுக்குத் தெரியாது. ஊட்டிக்குப் பக்கத்தில் இதேபோன்ற சதுப்பைத் தோண்டி, அடுக்கடுக்காய்க் கிடந்த மக்காத புல்லையும் இலையையும் ஆராய்ந்த ராமன் சுகுமாரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளாக இந்த மலையில் புல்லும் சோலையும் மாறி மாறி ஏறி இறங்கிய கதை அந்தக் கரிமத்தில் பதிவாகியிருந்தது. நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது. காற்று புகாவிட்டால் செத்த புல் முழுதாய் மக்காது. மக்காவிட்டால் அது பிடித்துவைத்த கரியமில வாயு வானத்துக்குத் திரும்பாது. தரிசு என்று எழுதிய இடத்தில் இத்தனை காலத்துச் சேமிப்பு. மேலே மரம் நிற்காததால் யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு அந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டார்கள். மண் காய்ந்தது, காற்று புகுந்தது, சேமிப்பு கரைய ஆரம்பித்தது. கேரட் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஊட்டிக்காரர்கள் இதில் எங்களுக்கு மூத்தவர்கள். ஏரியின் ஒரு பங்கையே மேடாக்கிப் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் கண்டவர்கள்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடிய ஓடையில் சித்திரையிலும் குடம் அமுங்கும். மரங்கள் எங்கள் தலைக்கு மேல் உயர்ந்த பிறகு சொம்பால் மொள்ள வேண்டியதாயிற்று. அம்மா மழையைத் திட்டினாள். மழை என்ன செய்யும்? அது வழக்கம்போலப் பெய்துகொண்டுதான் இருந்தது. கிளென்மார்கனில் மண், நீர் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தார் இதை அளந்தே பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஏறக்குறைய 32 ஹெக்டேர் வீதம் இரண்டு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். இன்னொன்றில் 59 சதவீதப் பரப்பில் 1972-இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருஷத்தில் மரம் நட்ட பக்கத்து ஓடை 16 சதவீதம் மெலிந்தது. வெட்டியபின் அடிக்கட்டை துளிர்த்த இரண்டாம் சுற்றில் 25.4 சதவீதம். கோடைக்கால ஓட்டம்தான் அதிகம் அடிபட்டது. வெள்ளத்தின் வேகமும் குறைந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். புல்லின் வேர் மேலோடு நிற்கும், செலவு குறைவு; மிச்சத்தைக் கறுப்பு மண்ணும் சதுப்பும் வாங்கி வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கற்பூர மரம் ஆழத்தில் வேர் விட்டு, வருஷம் பூராவும் உறிஞ்சி, இலை வழியாக ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். எங்கள் எமரால்டுப் பக்கத்து ஓடைகள்தான் குந்தா மின்நிலையங்களின் டர்பைனைச் சுற்றிவிட்டுப் பவானியில் இறங்குகின்றன. பில்லூர் அணையிலிருந்து கோயம்புத்தூர்க்காரர் குடிக்கிறார். அவருக்கு எங்கள் குன்றில் நின்றது மரமா புல்லா என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. குழாயில் வந்தால் போதும்.

சரி, மரம் கரிமத்தையாவது பிடித்துவைத்ததா? பிடித்தது, பத்து வருஷத்துக்கு. பிறகு லாரியில் ஏறிக் கூழாகிச் சட்டையானது. கிளை அடுப்புக்குப் போனது. சருகுகூடத் தைலம் காய்ச்சுகிற கொப்பரைக்குள் அடைபட்டு, காய்ச்சி முடிந்ததும் அதே கொப்பரையின் கீழ் எரிந்தது.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. பழனி மலையில் நாற்பதாண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குச் சொன்னார்கள். அயல் களைத் தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து கையுறை மாட்டிய இளைஞர்கள் வந்து சீகைக் கன்றைப் பிடுங்கி, ஆளுக்கொன்றைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்கிறார்கள். எண்பதைத் தொட்ட அப்பாவை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணு, புடுங்குறதுக்கு என்ன கூலி?"

"அவங்க சும்மா வர்றாங்கப்பா. இலாகா ஆளுகளுக்கு மட்டும் தினக்கூலி." தொகையைச் சொன்னேன்.

"நட்ட எனக்கு மாசம் பூராவும் அத்தன வல்லயே! தப்பான பக்கத்துல சேந்துட்டன் போல."

பிடுங்குவது லேசில்லை. சீகை விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் தூங்கும். பெரிய மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டால் ஆயிரமாய் முளைக்கும். சில இடங்களில் அந்த வெளிநாட்டு மரத்தின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் பனிக்குத் தப்பி எழும்புகின்றன. அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டினால் இரண்டும் போகும். என் புத்திக்கு எட்டியவரை, சதுப்பு ஓரத்தை முதலில் விடுவித்து, மற்றதில் பொறுமையாய்ப் போகலாம். ஆனால் பொறுமைக்கு டெண்டர் விட முடியாதே.

அக்கா மகன் ஐடி கம்பெனியில் இருக்கிறான். போன மாசம் பேசினான். "மாமா, எங்க கம்பெனி கார்பன் கணக்க நேர் பண்ண மரம் நடணுமாம். உங்க பக்கம் காலி இடம் இருக்கா? படத்துல ஒரு குன்று முழுக்கச் சும்மா கெடக்குதே?" அவன் சொன்ன குன்று எனக்குத் தெரியும், எருமை மேய்கிற, மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சப் புல்வெளி. "அது காலி இல்லடா மாப்ள, புல்லு இருக்குது" என்றேன். "வெறும் புல்லுதானே மாமா" என்றான். மண்ணுக்குள் இருக்கும் கரிமத்தைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதற்கு ஏதாவது சர்டிபிகேட் தருவார்களா என்றான்.

அப்பா நாற்று வளர்த்த நர்சரிக்குக் கொஞ்சம் கீழே இப்போது புல்லுக்கென்று ஒரு நர்சரி இருக்கிறது. பாத்தி கட்டி, கொத்துக் கொத்தாகப் பிரித்து நட்டு, பூவாளியால் தண்ணீர் விடுகிறார்கள். பாத்தி தலைக்கு ஒரு பெயர்ப் பலகை. சுற்றிலும் கம்பி வேலி, ராத்திரிக்கு ஒரு காவல்காரப் பையன். புல்வெளி சுருங்கியதில் தேயிலைத் தோட்டத்துக்கும் தெருவுக்கும் இறங்கிவிட்ட காட்டுமாடுகள் அந்த வாசனையை விடுமா? போன வாரம் நாலைந்து சேர்ந்து வேலியைச் சாய்த்து, விடிவதற்குள் மூன்று பாத்தியைக் காலி செய்துவிட்டன. பையன் டார்ச்சை அடித்துப் பார்த்திருக்கிறான். அவை நின்று நிதானமாக மென்றிருக்கின்றன. காட்டுமாடு புல் தின்றதில் நஷ்டம் என்று ரெஜிஸ்டரில் எழுதி, தொகையும் போட்டு மேலே அனுப்பியிருக்கிறான்.