பிருந்தாவனில் போன செய்தி

வேலூரிலிருந்து ஒரு செய்தி சென்னைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் மாலையில் காட்பாடிக்கு வரும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும் என்றிருந்த காலம் இந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். காக்கிக் கவரின் மேல் சிவப்பு மையில் 'பத்திரிகைச் செய்தி, அவசரம்' என்று எழுதி, ஓரத்தில் பசை காய்கிறதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் போய், பிளாட்பாரத்தில் தெரிந்த முகம் எதையாவது தேடிப் பிடித்துக் கையில் கொடுத்து, "சென்ட்ரல்ல ஒரு பையன் வந்து வாங்கிக்குவான் அண்ணே" என்று சொல்லி ஏற்றிவிட்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. செய்தி வந்ததா, வெட்டுப்பட்டதா, எத்தனை வரி தேறியது என்பதெல்லாம் மறுநாள் விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும். அந்த ஒரு இரவுக் காத்திருப்பு எவ்வளவு சுகமானது என்று இன்றைக்கு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பு அலுவலராக, சுருக்கமாகப் பி.ஆர்.ஓ.வாக, இருந்தேன். பி.ஆர்.ஓ. என்றால் அப்போது ஒரு மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு ரோனியோ மெஷின், ஒரு ஸ்கேல். ஸ்கேல் எதற்கென்று கேட்பீர்கள். வந்த செய்தி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை 'காலம்' (பத்தி) என்று அளந்து, வெட்டி, ஆல்பத்தில் ஒட்டி, மாதக் கடைசியில் துணைவேந்தர் மேஜைக்கு அனுப்ப. பட்டமளிப்பு விழாப் படம் மூன்று காலத்தில் வந்த நாளில் அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிய இளைஞனை இப்போது நினைத்தால் தோளில் தட்டிக்கொடுக்கத் தோன்றுகிறது. தூக்கமில்லாமல் வேலை பார்த்தான், பாவம்.

எங்கள் ஊர்ப் பி.ஆர்.ஓ.வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது படிக்கிறவர்கள் ஏராளம். தோல் தொழிலில் இருக்கும் குடும்பங்கள். 1919 முதல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியை நடத்தி வருகிற சமூகம். ஆகவே செய்திக் குறிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் போனால் போதாது, உருதுவிலும் போக வேண்டும். உருதுப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். நான் சொல்லச் சொல்ல, நாணல் பேனாவை மைக்கூட்டில் தொட்டு, வலமிருந்து இடமாக இழுத்துக்கொண்டே போவார்; வரி முடியும் இடத்தில் எழுத்து சற்றே கீழிறங்கி ஒரு வளைவு வளையும்; மை காயும் வரை காகிதத்தைத் தொடவிட மாட்டார். 'புதிய ஆய்வகம் திறப்பு' என்ற சாதாரணச் செய்தி அவர் கையில் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். சென்னையில் 1927 முதல் வரும் 'முசல்மான்' நாளிதழ் பல பத்தாண்டுகள் கையாலேயே எழுதி அச்சான பத்திரிகை என்பதால், அவர் எழுத்தின் அருமை அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதோடு எழுத்துரு தகராறும் வந்தது. நாம் தமிழை 'வானவில்' எழுத்துருவில் அடித்து அனுப்புவதைப் பத்திரிகை ஆபீஸில் வேறொன்றில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். கடைசியில் போனில் வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டும். யூனிகோடு பரவிய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. அதை நான் மனதார வாழ்த்துகிறேன்.

ஆனால் நெருக்கடி என்று வரும்போதுதான் இந்த வேலையின் கனம் தெரியும். ஹாஸ்டலில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, பஸ் கவிழ்ந்துவிட்டது, கேன்டீன் சாப்பாட்டில் வாந்தி பேதி: இவையெல்லாம் எந்தக் காலத்திலும் உண்டு. அப்போது லாங் பஜார் டீக்கடையில் நிருபர் எதிரே வந்து உட்கார்ந்து, "இன்னா சார், ஹாஸ்டல்ல ஏதோ பிரச்சினையாமே?" என்று மெதுவாகக் கேட்பார். "ஆமா அண்ணே, விசாரிச்சுட்டு ஆறு மணிக்குள்ள சொல்றேன்" என்றால் ஆறு மணி வரை பொறுப்பார். அந்த நேரத்தில் நான் முதலில் செய்தது ஹாஸ்டல் ரெஜிஸ்டரில் அந்தப் பிள்ளையின் வீட்டு 'பி.பி. நம்பரை'த் தேடியது. அப்பா ஆம்பூரில் டேனரியில் வேலை பார்ப்பார், அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பார், வீட்டில் போன் இருக்காது. தெரு முனை மளிகைக் கடை நம்பர் இருக்கும். கடைக்கார பாய் பையனை அனுப்பிக் கூட்டிவருவார். போனை எடுத்த அம்மா சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "சார், எங்க புள்ள நல்லா இருக்குதா?" அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நிருபருக்குப் பதில் சொல்வேன். பேப்பரில் வருவதற்கு முன்னால் பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலத்தை நினைத்து நான் மிகவும் ஏங்குவது இந்த ஒழுங்குக்காகத்தான்.

ஏங்குகிறேன் என்பதற்காக அந்தக் காலத்தைப் பூசி மெழுக மாட்டேன். செய்திக்கு ஒரு இரவு அவகாசம் இருந்ததால், அந்த இரவில் செய்தியைப் புதைக்கவும் முடிந்தது. நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மாணவர் ஒருவரின் மரணத்தை 'உடல்நலக் குறைவு' என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுத மறுத்தேன், வேறொருவர் எழுதினார், மறுநாள் அப்படியே வந்தது. கேட்க யாருமில்லை. பாலாற்றுக் கரையில் டேனரிக் கழிவால் கிணறுகள் கெட்டுப்போனதும் இப்படித்தான் பல வருடங்கள் உள்ளூர்ப் பேச்சாகவே இருந்தது. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கெடுப்பு, டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று சொன்னது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பில் அந்தக் கணக்கு இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் அழுத்தமாக வேரூன்றியதில் எங்கள் மாவட்டத்து வழக்குக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு பல்கலைக்கழகம் உலகத்துக்குச் சொல்ல வேண்டியது இப்படிப்பட்ட கணக்கைத்தான் என்று அன்று தோன்றியது, இன்றும் அதையே நினைக்கிறேன். கட்டடத் திறப்பும் வளாக வேலைவாய்ப்பும் எத்தனை காலத்தில் வந்தாலென்ன. தொழில் இருக்க வேண்டும், அதில்தான் நம் பிள்ளைகளின் ஃபீஸ் வருகிறது. தண்ணீரும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பேசக்கூடிய இடம் பல்கலைக்கழகம்தான்.

அதன் பிறகு சேனல்கள் வந்தன. ஒரு நிருபர் இருந்த இடத்தில் வண்ண வண்ண லோகோ மாட்டிய மைக்குகள் முகத்துக்கு நேரே நீண்டன. "சார், ஒரு பைட் குடுங்க" என்பார்கள். ஆறு மணி வரை பொறுங்கள் என்று யாரிடம் சொல்வது?

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. நாட்றம்பள்ளி அருகே பாரதிதாசன் பொறியியல் கல்லூரியில் ஏதோ வெடித்தது. ஒரு பஸ் டிரைவர் இறந்துபோனார், மூன்று பேருக்குக் காயம், ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் ஒரு குழி. மறுநாள் முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை, விழுந்தது விண்கல் என்றது. டிரைவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. விண்கல் விழுந்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு நவீன காலத்தில் இல்லை என்பதால் உலகம் முழுக்க எங்கள் மாவட்டம் தலைப்பில் ஏறியது. இணையத்தில் வந்த படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது வானத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, தரையில் நடந்த வெடிப்பு போலிருக்கிறது என்றார்கள். அந்தச் சந்தேகம் வருவதற்குள் விண்கல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றும் ரயிலில் யாராவது "அந்த விண்கல் விழுந்த காலேஜ்தானே?" என்று கேட்கிறார்கள். சந்தேகத்தைப் பற்றிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அன்றைக்கு ஆம்பூர், வாணியம்பாடியெல்லாம் தாண்டியுள்ள நாட்றம்பள்ளியும் வேலூர் மாவட்டம்தான். அது இப்போது சேர்ந்திருக்கும் திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019இல். ஆகவே 'வேலூரில் ஒரு கல்லூரி' என்று டிவியில் ஓடிய ஒரு வரி போதும், கேரளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றோர்கள் எங்களை அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை, உங்கள் மகள் வகுப்பில் இருக்கிறாள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னோம். சிலர் நம்பவில்லை, பிள்ளையையே கூப்பிட்டுப் பேசவைத்தோம். நிம்மதியாக அழுதவர்களும் உண்டு. ஆனால் இறந்தவரின் வீட்டில் அந்த நேரம் யார் போன் எடுத்தார்கள், யார் முதலில் சொன்னார்கள் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை. விண்கல்லா, வெடிமருந்தா என்று உலகமே விவாதித்துக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பத்துக்கு அவர் வீட்டு மனிதர்.

அதற்கு முந்தைய வருடம் ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக் குழம்புத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தபோதும் இதே எண்ணம்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் ஊரில் எந்த மளிகைக் கடைக்கு யார் போன் செய்திருப்பார்கள்?

2020இல் இன்னொரு விதமான நெருக்கடி. ஆகஸ்ட் 26 அன்று, ஃபீஸ் கட்டியிருந்தால் அரியர் பாடங்களில் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. பிள்ளைகள் முதல்வருக்குச் சுவரொட்டி ஒட்டிக் கொண்டாடினார்கள். மறுநாளே வாட்ஸ்அப்பில் பல்கலைக்கழக லெட்டர்பேடு போட்ட போலிச் சுற்றறிக்கைகள் சுற்ற ஆரம்பித்தன. உண்மையான சுற்றறிக்கையை நாங்கள் வெளியிட்டால் "இது ஒரிஜினலா சார்?" என்று கேட்கிறார்கள். முன்பு ரோனியோவில் மங்கலாக விழுந்த ஒரு தாளைச் சந்தேகப்பட்டவர் கிடையாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த வாட்ஸ்அப் காலத்தில் ஹாஸ்டல் சாப்பாட்டில் புழு என்றால் பிள்ளையே படம் எடுத்துப் போட்டுவிடுகிறது. 'உடல்நலக் குறைவு' என்று எழுதிப் புதைக்க எந்த நிர்வாகத்தாலும் முடியாது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

இப்போது என் இடத்தில் இருப்பவர் குடியாத்தம் பக்கத்துப் பெண், கெட்டிக்காரி. சேதி வந்த பத்து நிமிடத்தில் மூன்று மொழியிலும் தட்டிவிடுகிறார். போன மாதம் செலவைக் குறைக்க அலுவலகத்து லேண்ட்லைனை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்ததாம். என்னிடம் கேட்டார். எடுக்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். பேரணாம்பட்டிலும் துத்திப்பட்டிலும் இன்னும் பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அட்மிஷன் நாளன்று கொடுத்த அந்த ஒரே நம்பரைத்தான் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு மேலும் அதை எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று அதிலேயே சேர்த்திருக்கிறேன். கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது; வருகிற வியாழக்கிழமை நேரில் போய்க் கேட்பதாக இருக்கிறேன்.