மாமியின் வளவில் விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் விமானம் கட்ட முதலில் வேண்டியது அலுமினியத் தகடல்ல, மாமியின் சம்மதம். வீடு பெண்சாதியின் பேரில் இருக்கும், வளவும் அப்படியே. ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தின் எசெக்ஸில் தானே பூட்டிய நாலு ஆசன ஸ்லிங் விமானத்துக்கு மகள் தியாவின் பேரை வைத்தார் என்று பெண்சாதியிடம் சொல்லிப் பாருங்கள். பாதிச் சம்மதம் கிடைக்கும். மீதிக்கு மாமியின் பேர் இருக்கிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று ஹார்ட்வெயார் கடையில் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வாருங்கள். சட்டி செய்யும் அலுமினியம் வேறு. விமானத்துக்குப் பெரும்பாலும் வரும் 2024 ரகத் தகடு செம்பு கலந்தது. பலம் கூட, கடலுப்பைத் தாங்கும் சக்தி குறைவு. அதனால்தான் அதன் மேல் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்தி விற்கிறார்கள். அரத்தாள் போட்டுத் தேய்த்து அந்தத் தோலை உரித்துவிட்டால், நீங்கள் கொடுத்த சல்லி தூசாகப் பறந்துவிடும். மெரூன் நிற ஸ்கொச்-பிரைட்டால், மினுக்கம் மங்கும் வரை மட்டும் தேயுங்கள். குசினியில் கிடக்கும் இரும்புக் கம்பிச் சுருளை எடுக்கவே வேண்டாம். அதன் துணுக்குகள் தகட்டில் புதைந்து, உப்பு ஈரம் பட்டதும் சின்னச் சின்னப் பற்றரிகளாகி அலுமினியத்தைத் தின்னும். தவிர, சுருளைக் காணோம் என்று மாமி தேடுவா.

அடுத்தது அசிற்றோன். துணியில் அழுக்கு வராத வரை துடையுங்கள். அதன் பிறகு மீனாணம் குழைத்த விரலால் தகட்டைத் தொடக்கூடாது. சந்தேகமிருந்தால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை, ஒரே படலமாய் விரிந்தால் சுத்தம்.

இந்த இடத்தில் புத்தகங்கள் குரோமேட் கரைசலைப் பூசச் சொல்லும். தகடு பொன்னிறமாகும், பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது. நம் ஊர் மணல் தரையில் ஊற்றினால் கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. "புள்ள, ஒன்ட மாப்புள அங்கால என்னத்தக் காய்ச்சுறார்?" என்று மாமி மகளிடம் கேட்பதற்குள் அதை விட்டுவிடுங்கள். இரண்டு டின்னாக வரும், குரோமேட் இல்லாத எபொக்சிப் பிரைமரே போதும். கலந்ததும் அடிக்கக்கூடாது, டின்னில் எழுதியிருக்கும் நேரம் காத்திருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான்மார் வருவார்கள், சுவர்ப் பெயின்டில் மிச்சம் கிடக்கிறது என்று. கச்சான் காற்றில் அடித்தால் பெயின்டோடு மணலும் ஒட்டும், வாடைக்காற்றில் ஈரம். கடைசியில் மேற்பூச்சாகப் போடும் இரு கலவைப் பொலியூரித்தேனில் ஐசோசயனேட் உண்டு, ஆஸ்துமா வரவைக்கும். கொரோனாவில் மிஞ்சிய முகக்கவசம் அதற்குக் காணாது.

இனி, எங்கே அடிப்பது? பெருநாள் வந்தால் தெருப்பக்கச் சுவருக்கு மட்டும் வெள்ளை பூசுவோமே, அந்தப் பழக்கத்தை விமானத்திடம் காட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பரப்பை விட, தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் முகங்களுக்குத்தான் பிரைமர் முதலில் வேண்டும். அதுவும் ரிவெட் அடிப்பதற்கு முன். அடித்த பிறகு அங்கே தூரிகை போகாது, உப்பு போகும். ஹவாய்த் தீவுகளுக்கிடையே 19 வருடம் பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று, 1988 ஏப்ரல் 28இல், நடுவானில் கூரையில் ஏறத்தாழ 18 அடியை இழந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் காற்றோடு போனார். அந்த விமானம் அதுவரை 89,680 முறை பறந்திருந்தது. மேற்படிந்த மூட்டுகளில் பசை விட்டு, அரிப்பும் உலோகக் களைப்பும் சேர்ந்ததே காரணம் என்று கண்டார்கள். அதைச் சுற்றியிருந்ததும் நம்முடையதைப் போன்ற கடற்காற்றுத்தான்.

மற்ற இடங்களில் கஞ்சத்தனம் நல்லது, ஏனெனில் பெயின்ட் பாரம். விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தாங்கிக்கு 1981இல் முதல் இரண்டு பயணங்களுக்கு மட்டும் வெள்ளை அடித்தார்கள். பிறகு அப்படியே செம்மஞ்சளாக விட்டார்கள். ஏறத்தாழ 270 கிலோ மிச்சம். உங்கள் ஆசனத்துக்குக் கீழே வெறுந்தகடாக இருப்பதை யாராவது குறை சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் மச்சானின் காதில் விழாமல் சொல்லுங்கள். மிச்சமான பாரத்துக்குப் பதிலாக மட்டக்களப்பு வரை தன்னை ஏற்றச் சொல்வார்.