தனியா வராதுண்ணே

வீட்டிலேயே வண்டி சர்வீஸ் செய்தால் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் நேற்று மதுரை சிம்மக்கல்லில், உதிரிபாகக் கடையில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன். வயிற்றெரிச்சலோடு கணக்குப் போட்டால் கூட்டல் தப்பும்.

வண்டியில் பெட்ரோல் டேப் ஒழுகியது. உள்ளே நாலு ஓட்டையுடன் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ரப்பர், காய்ந்து வெடித்துப் போயிருந்தது. கழற்றி எடுத்துப் போய்க் காட்டினேன். கடைக்காரர் ரப்பரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தனியா வராதுண்ணே. டேப் அசெம்பிளியாத்தான் வரும்."

சைடு கவர் பூட்டும் ரப்பரைக் கேட்டபோது கவரைக் காட்டியவர்தான். இண்டிகேட்டரில் கண்ணாடி மட்டும் கேட்டால் முழு இண்டிகேட்டர். செயின் செட்டை மட்டும் மன்னிக்கலாம். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இந்த ரப்பருக்கும் டேப்புக்கும் அப்படி என்ன பிரிக்க முடியாத பந்தம்?

ஊரில் மற்ற வியாபாரிகள் இதை இன்னும் கற்றுக்கொள்ளாதது நம் அதிர்ஷ்டம். ராத்திரி பரோட்டாக் கடையில் இன்னொரு கரண்டி சால்னா கேட்டால், "சால்னா தனியா வராதுண்ணே, கல்லோடதான்" என்பார்கள். மாட்டுத்தாவணியில் ஒரு முழம் மல்லிகை கேட்டால் கொண்டையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்குத்தூண் பக்கம் பொத்தான் கேட்டால் சட்டைதான் தருவார்கள். சட்டை தனியா வராது, பேண்ட்டும் சேரும். பேண்ட் தனியா வராது, மாப்பிள்ளையோடு வரும். மாப்பிள்ளை அவர் அம்மாவோடு வருவார். அந்த அசெம்பிளியை எந்த மெக்கானிக்காலும் பிரிக்க முடியாது. சித்திரைக்கு வைகையில் இறங்கும் அழகர்கூடத் தனியாக வருவதில்லை, லட்சக்கணக்கான பேரோடுதான் வருகிறார். அதற்காக அவர் நமக்கு பில் போடுவதில்லை.

தனியாகவே வருகிறவர்கள், கடை வாசலில் நிற்கும் ஆலோசகர்கள். "சைக்கிள் டியூபை வெட்டிப் போடுங்கண்ணே" என்றார் ஒருவர். சாதா ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பிக்கொள்ளும், நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும் என்று விளக்கினேன். "அப்ப அசெம்பிளிதான்" என்று கடைக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொழில் தொடங்கிய ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவில் வண்டி ஓட்டுவதற்கு கேஸ் பிளாண்ட் செய்து கொடுத்தது அவருடைய நிறுவனம். பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓட்ட வழி கண்ட ஊரில், இருக்கிற பெட்ரோலை டேங்குக்குள் நிறுத்த ஒரு ரப்பர் கிடைக்கவில்லை.

சரி, வரியாவது குறைந்திருக்குமே என்று விலையைக் கேட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. "இது பழைய ஸ்டாக்குண்ணே" என்றார். பாக்கெட்டில் தயாரித்த மாதத்தைப் பார்த்தேன். நான் கழற்றி வந்த ரப்பருக்கு இது அண்ணன் முறை. ஹாலோகிராம் மட்டும் புதுசாக மினுங்கியது. அது ரப்பரைவிடப் பெரிது.

வாங்கினேன். வேறென்ன செய்வது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது.

கணக்குக்கு வருகிறேன். ஆயில் டப்பா 900 மில்லி, என் வண்டி குடிப்பது 800. மீதி நூறு நூறாக மாடிப்படிக்குக் கீழே சேர்ந்து கிடக்கிறது. அதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்பதிலேயே கணக்கு நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி: ரப்பர் தவிர எல்லாம் நன்றாக இருக்கும் டேப், ஒரு காது மட்டும் உடைந்த சைடு கவர், கண்ணாடி இல்லாத இண்டிகேட்டர். காலையில் பழைய இரும்புக்காரர் வந்தார். பெட்டியோடு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொத்தமா எடுக்க மாட்டோம்ணே. இரும்பு தனி, அலுமினியம் தனி, பிளாஸ்டிக் தனியாப் பிரிச்சு வைங்க. ரப்பர் ஒட்டியிருந்தா விலை குறையும்."