திண்டுக்கல் – சென்னை: வான்வழித் தூரமும் வாசல்வழித் தூரமும்

சென்னையில் இருக்கும் பெரியப்பா போனில் கேட்டதுதான் இவ்வாய்வுக்கு வித்து: "ஏண்டா, ஃபிளைட்டுல வந்தா ஒரு மணி நேரந்தானே?" அறிஞர் உலகம் இதுகாறும் தீண்டாத இக்கேள்வியை எடுத்துக்கொண்டு கீழ்க்காணும் முடிவுகளை எட்டியுள்ளோம்.

முதலில் தரவு. திண்டுக்கல்லுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 390 கி.மீ. மதுரையில் ஏறும் விமானம் சென்னையில் இறங்க ஒன்றேகால் மணி நேரம். பெரியப்பாவின் கருதுகோளில் பெரிய பிழையில்லை. பிழை எங்கள் ஊரில் இருக்கிறது. இங்கே மலைக்கோட்டை உண்டு, பூட்டு உண்டு, தெருவுக்குத் தெரு பிரியாணி உண்டு. விமான நிலையம் மட்டும் கிடையாது.

ஆகவே, வடகிழக்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே போகிறார். கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர் தாண்டி, மதுரைக்கு அந்தப் பக்கம் பெருங்குடி வரை சுமார் 75 கி.மீ. அங்கிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 430 கி.மீ. அதாவது, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, டோல்கேட்டுக்கும் காருக்கும் காசு கொடுத்துவிட்டு இறங்கும்போது, சென்னை 40 கி.மீ. தள்ளிப் போயிருக்கிறது. இந்நிகழ்வுக்கு 'முன்னேற்றப் பின்னடைவு' எனப் பெயர் சூட்டுகிறோம்.

அடுத்தது 'பூட்டுக் காலம்'. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்ப்பதும், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காம் முறை தொங்கிப் பார்ப்பதும் எந்தக் குறியீடும் இல்லாமலே எங்கள் வீட்டில் நிலைபெற்றவை. மூன்றாவது, 'சீப்புக் காலம்'. பெட்டிக்கு 15 கிலோதான் அனுமதி. அம்மா சிறுமலை வாழைப்பழம் வைத்த பின் அது 17 கிலோ. உபரி இரண்டு கிலோவைக் கவுன்ட்டர் முன்னால் நின்றபடியே தின்று தீர்க்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், இவ்விரண்டு காலங்களையும் பெருந்தன்மையோடு கணக்கில் சேர்க்கவில்லை.

இனிக் கூட்டல். கார் ஒன்றரை மணி, விமான நிலையத்தில் காத்திருப்பு ஒன்றரை, பறப்பு ஒன்றேகால், மீனம்பாக்கத்தில் பெட்டி சுற்றி வர அரை, மெட்ரோவில் எழும்பூர் போக முக்கால். ஆக ஐந்தரை மணி நேரம். இதில் பறந்தது கால்பங்குகூட இல்லை.

ஒப்பீட்டுக்கு: காலையில் திண்டுக்கல்லில் நிற்கும் வந்தே பாரத், ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு அதே எழும்பூரில் இறக்கிவிடுகிறது. 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸ்கூட ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் சேர்த்துவிடும். இரண்டிலும் பெல்ட்டைக் கழற்றச் சொல்வாரில்லை. பழத்தை நிறுப்பாரும் இல்லை.

முடிவு: விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்பது மெய்யே, ஆனால் மிச்ச நாலேகால் மணி நேரத்தைத் தரையில் கழிக்க வேண்டும். ஆய்வேட்டைப் பெரியப்பாவிடம் சமர்ப்பித்தோம். முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "அப்ப ரயில்லயே வா. பழத்த ரெண்டு சீப்பு கூடுதலா எடுத்துக்க."