ரேடியேட்டர் மூடி திறத்தல்: இருக்கன்குடி வட்டாரத்தை முன்வைத்து

கார் இன்ஜின் கொதிப்பதன் காரணங்களை இதுவரை எவரும் முறையாக வகைப்படுத்தவில்லை. மெக்கானிக்குகள் செய்திருக்கிறார்கள், அடிக்குறிப்பு போடாததால் அது கணக்கில் சேராது.

ஆய்வுக்களம், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்து மாரியம்மன் கோயிலுக்குச் சாத்தூரிலிருந்து போகும் சாலை. காலம், ஆடிக் கடைசி வெள்ளி. நடந்துபோகும் கூட்டத்தின் பின்னால் முதல் கியரில் ஊரும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்காது. ஆய்வுப்பொருள், அம்பாசிடர் (1958–2014). 1957 என்போரும் உளர். அவர்களுக்கும் ஒரு முனைவர் பட்டம் மிச்சமிருக்கிறது.

தண்ணீர் குறைவு: ஊற்றுக. ஃபேன் பெல்ட் தளர்வு: இறுக்குக. தெர்மோஸ்டாட்: கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டால் 82 டிகிரி வாக்கில் வாய் திறக்கவேண்டும். ஹெட் கேஸ்கட்: ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஆய்வு முடிந்தது, செலவு தொடங்கியது.

ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கில் கரிசல் புழுதி, பருத்திப் பஞ்சு, தட்டான் இறகு, சிவப்பு வெடித்தாள். பஞ்சு அடுக்கு மாசி, தாள் அடுக்கு ஐப்பசி என்று காலம் கணிக்கலாம். உள்ளிருந்து வெளியே தண்ணீர் பீய்ச்சினால் எல்லாம் போய்விடும். ஆதாரமும் போய்விடும் என்பதால் பரிந்துரைக்கவில்லை.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்பொடி போடும் டிரைவர் மரபை அம்மன் வழிபாட்டோடு முடிச்சுப்போட ஆசைதான். பொடி ஊறி ஓட்டையை அடைக்கிறது. போகப்போக நல்ல குழாயையும் அடைக்கிறது.

இனி மூடி. அது அழுத்தத்தைப் பிடித்துவைத்து, 100 டிகிரி தாண்டியும் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அடக்குகிறது. சூட்டோடு திறந்தால் அடங்கியது அத்தனையும் ஆவியோடு பொங்கி முகத்துக்கு வரும். சிவகாசிப் பக்கத்துச் சிறுபிள்ளைக்கும் திரி கிள்ளிப் பற்றவைத்ததும் பின்வாங்கத் தெரியும். நமுத்த புஸ்வாணத்தைக் குனிந்து பார்க்கக்கூடாதென்றும் தெரியும். அதே பிள்ளை வளர்ந்து, மூடிக்கு நேரே முகத்தை நீட்டித் துண்டால் திருகுவது ஏன்?

மூடிக்குத் திரி இல்லாததே காரணம் என்பர் அமைப்பியலார். கூட்டமே காரணம் என்பர் சமூகவியலார். அவர்கள் காட்டும் வாய்மொழிச் சான்று: “லேசாத் திருகுங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது” (சேகரித்த இடம்: காராச்சேவுக் கடை வாசல், தகவலாளி சொன்ன கையோடு பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்). இதன் பாடபேதத்துக்குக் காண்க: சேவுப் பொட்டலத்தாள் ஏடு, எண்ணெய் படியாத மூலை, வரி 3. மறுபக்கம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள். அழுத்தம் பற்றிய வினாவுக்குப் பூஜ்யம். இவ்வேட்டின் “ஆகாது” என்பதை முதல் பதிப்பாசிரியர் “ஆகும்” என்று படித்தார்; இரண்டாமவர் ஏட்டைப் பார்க்காமல் அதையே எடுத்தெழுதினார்; மூன்றாமவர் இருவரையும் மேற்கோள் காட்டித் துறைத்தலைவரானார். இந்த ஒரு விஷயத்தில் தப்பாகப் படித்தவரே சரி.

செய்முறை: இன்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கிவிட்டு, அரைமணி நேரமாவது காத்திருக்கவேண்டும். மேல் ஹோஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் திருகி, ‘உஸ்’ அடங்கியதும் கழற்றலாம். பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

அந்த அரைமணியில் செய்யவேண்டியது பற்றி முன்னாய்வுகள் இல்லை. சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு கையும் அதில் இருக்கும்போது எவரும் மூடியைத் திருகியதாகப் பதிவில்லை.